காலை ஆறு மணியிலிருந்து

அவளுக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாங்கமாட்டாள். பாட்டிலை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நீட்டிக்கொண்டே இருந்தால் அவளுக்குத்தான் சங்கடம். நாளைக் காலைச் செய்தித்தாளைப் பாருங்கள். அமைச்சர் எத்தனை மணிக்கு வந்தார், பின்னால் எத்தனை வண்டிகள் வந்தன, ஆளுயர மாலை போட்டவர் யார், ஆரத்தி எடுத்த மகளிரணித் தலைவி யார், வெயிலையும் பொருட்படுத்தாமல் திரண்ட பொதுமக்கள் எத்தனை ஆயிரம் என்று எல்லாம் இருக்கும். மறித்து நிறுத்தப்பட்ட இந்தப் பேருந்தில் இருக்கிற நம்மைக்கூட ஒரு வரியில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அந்தப் பெண் காவலர், அவள் மட்டும் எந்தப் பட்டியலிலும் வரமாட்டாள். பதினோரு ஆண்டுகள் அந்தச் செய்திக்குறிப்புகளை எழுதியவள் நான். அதனால் சொல்கிறேன்.

ஏன் வாங்கமாட்டாள் என்றால், குடித்தால் போகவேண்டும். போவதற்கு இடம் கிடையாது. ஆண் காவலருக்கு ஒரு கருவேல மரம் போதும். இவள் எங்கே போவாள்? ஐம்பதடிக்கு ஒருத்தியாக நிறுத்தியிருப்பார்கள். ஒருத்தி நகர்ந்தால் நூறடிக்கு ஓட்டை. பந்தோபஸ்து என்று ஆணை வந்துவிட்டால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். காலையில் வாயை நனைப்பதோடு சரி. அவள் உதட்டைப் பாருங்கள், தெரியும். கூட்டத்தைப் பார்த்து, சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும் என்பது விதி. யாருக்காக நிற்கிறாளோ அந்த மனிதரின் முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் ஒருத்தி இருந்தாள். இசக்கியம்மாள் என்று பெயர்.

இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நடத்துநர் பத்து நிமிடம் என்பார். அவருக்கு என்ன தெரியும். பேசுவதென்றால் கொஞ்சம் என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். இடது காது கேட்காது. அதனால்தான் எப்போதும் இடப்பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருவேன், கேட்காத காதைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு. எட்டு மணிக்கு நாற்கரச் சாலை வழியாக ஒரு பேருந்து இருந்தது. எங்கும் நிற்காமல் பத்தரைக்கெல்லாம் மதுரை போய்விடும். அதில் இந்தப் பக்க ஜன்னல் கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன். பதினோரு மணிக்கு மதுரையில் எனக்கு ஓர் ஆணையத்தின் விசாரணை இருக்கிறது. சாட்சி சொல்ல அழைத்திருக்கிறார்கள். இந்தக் கைப்பையில் இருக்கிற ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். இன்று கொடுக்காவிட்டால் வழக்கை முடித்துவிடுவார்களாம். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். நானா சாலையை மறித்தேன்?

என் பெயர் ஆவுடைநாயகி. முனைவர் ஆவுடைநாயகி. "மக்களாட்சியில் தனிமனித மாண்பு" என்பது என் ஆய்வுத் தலைப்பு. முந்நூற்று நாற்பது பக்கம். ஓர் எழுத்துப்பிழை காட்ட முடியாது. கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஆண்டு விழாவுக்கு அமைச்சர் தவசிமுத்து வந்தார். வரவேற்புரை என்னுடையது. மேடையை விட்டு இறங்கும்போது, இவ்வளவு சுத்தமாகப் பேசுகிற ஆள் தன்னிடம் ஒருவர்கூட இல்லையே என்றார். அடுத்த மாதமே நான் அவருடைய நேர்முக உதவியாளர். கட்சிக்காரர்கள் 'பி.ஏ. அம்மா' என்பார்கள். அவருடைய உரை, அறிக்கை, இரங்கல் செய்தி, வாழ்த்துச் செய்தி, சுற்றுப்பயண நிரல் எல்லாம் என் கையால் எழுதியவை. சட்டமன்றத்தில் அவர் பேசியதைக் கேட்டுப் பத்திரிகைகள் 'தமிழறிந்த அமைச்சர்' என்று எழுதின. தமிழறிந்தவள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் குறையாகச் சொல்லவில்லை. நிர்வாகம் என்றால் அப்படித்தான்.

கை நீட்டுகிற மனிதர். அதையும் மறைப்பதற்கில்லை. கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். விருந்தினர் மாளிகையில் அவர் கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடித் தம்ளர் வைக்கக்கூடாது, எவர்சில்வர்தான் வைக்கவேண்டும் என்று ஒழுங்கு செய்தது நான். அதற்கு முன்பு ஒரு சமையற்காரருக்குப் புருவத்தில் நாலு தையல் போட்டிருந்தார்கள். என் ஒழுங்குக்குப் பிறகு தையல் என்ற பேச்சே கிடையாது, வீக்கம் மட்டும்தான். நிற்கிறவர்கள் எல்லாரும் ஒன்றரை முழம் தள்ளி நிற்கவேண்டும் என்றும் சொல்லி வைத்திருந்தேன். புதிதாக வருகிற அலுவலர்களுக்கு நானே கையால் அளந்து காட்டுவேன். ஒரு மனிதரின் பலவீனத்தை மதித்து நடந்துகொள்வதும் பண்பாடுதானே.

அந்த ஆண்டு சித்திரையில் ஒரு பாலம் திறப்பு. அமைச்சர் பதினோரு மணிக்குப் பாலத்தில் இருக்கவேண்டும். நான் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பத்து மணி என்று எழுதினேன். அது பொய் அல்ல, முன்யோசனை. எஸ்.பி. அலுவலகம் டி.எஸ்.பி.க்கு ஒன்பது என்று சொல்லியிருக்கிறது. டி.எஸ்.பி. இன்ஸ்பெக்டருக்கு எட்டு என்றார். இன்ஸ்பெக்டர் ஏழு என்றார். மகளிர் காவல் நிலையத்து ஏட்டம்மா, தனக்குக் கெட்ட பேர் வந்துவிடக்கூடாது என்று, ஆறு மணிக்கெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து வெயிலில் நட்டுவிட்டாள். ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் கூட்டினார்கள். ஒருவரையும் தப்பு சொல்ல முடியாது. அமைச்சரோ ஒன்றரை மணி வரை விருந்தினர் மாளிகையைவிட்டுக் கிளம்பவில்லை. காலைப் பத்திரிகையில் தன் படத்தைவிட வேறொரு அமைச்சரின் படம் பெரிதாக வந்துவிட்டது என்று மூன்று மணி நேரம் தொலைபேசியில் ஆசிரியரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு தொலைபேசி உடைந்தது. இன்னொன்று வரவழைத்தோம்.

ஒன்று ஐம்பதுக்கு வண்டிகள் செவக்காட்டு விலக்கைத் தொட்டன. கிளைச்சாலை பிரிகிற இடத்துக்குப் பெயர்தான் விலக்கு, பத்து வீடு, ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம். இதேபோல அங்கேயும் ஒரு பேருந்தை மறித்து வைத்திருந்தார்கள். அமைச்சர் கையசைப்பதற்காக முன் இருக்கையில் இருந்தார். நான் இரண்டாவது காரில் இருந்தேன். ஒரு பெண் குடத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டாள். பத்துப் பிளாஸ்டிக் குடம், எல்லாம் நிறைகுடம். அவளைத் தடுக்கவேண்டிய இடத்தில் ஆள் இல்லை. இசக்கியம்மாள் அங்கே இல்லை. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். அமைச்சரின் நெற்றி முன்பலகையில் இடித்தது. குடங்கள் சாலை முழுக்க உருண்டன.

சின்னக் காயம். நகம் கீறினால் வருகிற அளவுக்கு இரத்தம். ஆனால் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் அது வேறு மாதிரி தெரியும்.

அவர் இறங்கிவிட்டார். குடத்துக்காரி மண்ணில் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டாள். அவளை அவர் பார்க்கக்கூட இல்லை. ஒரு குடத்தை மட்டும் உதைத்தார். அப்போதுதான் பக்கத்து வீட்டு வாசலிலிருந்து இசக்கியம்மாள் ஓடி வந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே வந்தாள். இருபத்தேழு வயதிருக்கும், கறுப்பாக, நெடுநெடுவென்று. வந்து நின்றாள்.

"ஏட்டி, எங்க போன?" என்றார்.

"பாத்ரூமுக்குப் போனேன் ஐயா," என்றாள்.

உண்மையைச் சொன்னாள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் அமைச்சரிடம், நடுச்சாலையில், அந்தச் சொல்லை அந்த இடத்தில் போட்டிருக்கவேண்டாம். 'உடல்நலக் குறைவு' என்று ஒரு வழக்கு இருக்கிறது. பேருந்தில் யாரோ சிரித்தார்கள். அதைத் தொடர்ந்து கட்சிப் பையன்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவர் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துக்கொண்டார்.

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. தொப்பி பறந்துபோய்க் குடத்துத் தண்ணீரில் விழுந்தது. அவள் அழவில்லை. குனிந்து தொப்பியை எடுத்தாள். முழங்காலில் தட்டினாள். தலையில் வைத்து நேராக்கிக்கொண்டு, நிமிர்ந்து, வணக்கம் வைத்தாள். தொப்பி இல்லாமல் வணக்கம் வைக்கக்கூடாது என்பது அவர்களுடைய பயிற்சி விதி. ஓர் அமைச்சர் முன்னால் வணக்கம் வைக்காமல் நிற்கக்கூடாது என்பதும் விதி. இரண்டு விதியையும் வரிசையாகச் செய்தாள். அவ்வளவுதான். அதை அவர் நக்கல் என்று எடுத்துக்கொண்டார்.

அவளுடைய இடது கையிலிருந்த லத்தியைப் பிடுங்கினார். வணக்கம் வைத்த கை அப்படியே இருந்தது. இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. அந்த மணிக்கட்டில் அடித்தார். முருங்கைக்காயை ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் எனக்குக் காருக்குள் கேட்டது. அப்போது எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். கை தொங்கிய பிறகு இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று. கீழே விழுந்ததும் காலால் இரண்டு. முதுகில் விழுந்த அடியில் லத்தி முறிந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. ஒன்றியச் செயலாளர் சுடலைமணி ஓடிவந்து, "அண்ணே, கை வலிக்கப் போவுது," என்று லத்தித் துண்டை வாங்கிக்கொண்டார். சுற்றி நாற்பது காவலர்கள் இருந்தார்கள். எல்லாரும் விதிப்படி சாலைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

பாலத்தை மூன்று மணிக்குத் திறந்து வைத்தார். உரை நான் எழுதியது. "ஆள்வோர் என்போர் மக்களின் ஏவலரே" என்று தொடங்கும். நெற்றியில் பிளாஸ்திரியோடு பேசினார். நல்ல கைதட்டல்.

என் காதைப் பற்றிக் கேட்டீர்கள். அது வேறு விஷயம். சொல்கிறேன், இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். விருந்தினர் மாளிகைக்குத் திரும்பிவிட்டோம். அதற்குள் அந்தப் பேருந்திலிருந்து யாரோ கைபேசியில் எடுத்த வீடியோப் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது. படத்தில் கார்க்கதவு மறைக்கிறது, அடி தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு குரல் மட்டும் கேட்கிறது, 'காலைல ஆறு மணிலேர்ந்து நிக்கிதுய்யா அந்தப் புள்ள' என்று. அமைச்சர் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ஆறு மணி என்று நேரம் கொடுத்தது யார் என்று கேட்டார். அறையில் ஏழு பேர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் விளக்க முற்பட்டேன். நான் எழுதியது பத்து மணிதான், ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது, இது தனிநபர் தவறு அல்ல, அமைப்பின் இயல்பு என்று. நல்ல வாக்கியமாகத்தான் அமைத்துக்கொண்டு போனேன். விளக்குகிற வேகத்தில் ஒன்றரை முழத்தை மறந்துவிட்டேன். அது என் பிழை. மற்றவர்களுக்கு அளந்து காட்டியவள் நான். வாக்கியம் முடியவில்லை. அவருடைய கை பட்டுவிட்டது.

'பட்டது' என்றுதான் நான் சொல்வேன். அடிப்பது என்றால் ஒரு நோக்கம் வேண்டும். இசக்கியம்மாளை அவர் அடித்தார். அதை நான் எங்கும் மறுத்ததில்லை. என்மேல் விழுந்தது கோபம். இரண்டும் வெவ்வேறு. நாற்காலியோடு சாய்ந்து, மேசை விளிம்பில் இடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் சுடலைமணிதான். காதுக்குள் ஒரு குக்கர் விசில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் ஓடியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அமைச்சர் அன்றைக்கே ஆள்விட்டுப் பஞ்சும் மருந்தும் வாங்கிவரச் சொன்னார். என்னை 'டாக்டரம்மா' என்றுதான் எப்போதும் அழைப்பார். அன்றைக்கும் அப்படித்தான் அழைத்தார். "டாக்டரம்மா, நாளைக்குக் காலைல அந்தப் பொம்பளகிட்ட ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிருங்க. உங்க தமிழ்ல எழுதுங்க," என்றார். அவ்வளவு நடந்த பிறகும் என் தமிழ்மேல் அவருக்கு நம்பிக்கை குறையவில்லை பாருங்கள்.

எழுதினேன். இந்தத் தாள்தான். "கடும் வெயிலின் காரணமாக எனக்குத் தலைசுற்றல் ஏற்பட்டு, சாலையோரக் கல்லின்மீது விழுந்ததில் வலது மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டது. அவ்வழியே வந்த மாண்புமிகு அமைச்சர் அவர்கள் தம் பயணத்தையும் பொருட்படுத்தாது வாகனத்தை நிறுத்தி, இறங்கி, என் அருகில் வந்தார்." இப்படிப் போகும். கவனியுங்கள், வெயில் இருந்தது, முறிவு இருந்தது, அவர் வாகனத்தை நிறுத்தியதும் இறங்கியதும் அருகில் வந்ததும் உண்மை. ஒரு சொல்தான் இட்டுக்கட்டியது, 'கல்'. அந்த நெருக்கடியில் இதைவிடத் தூய்மையாக எழுத இன்னொருவரால் முடியாது.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனோம். நான், சுடலைமணி, அவருடன் இரண்டு பேர். வெளியே வராந்தாவில் இன்ஸ்பெக்டர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இசக்கியம்மாளின் அம்மாவைத் தேநீர் வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஒரு கண் திறக்கவில்லை. நான் ஸ்டூலை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தாளை வாங்கவில்லை. திறந்திருந்த கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்க காதுல ரத்தம் வருது," என்றாள்.

பஞ்சு நனைந்திருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. "வெயில்தான், சூடு," என்றேன்.

"எனக்கும் வெயில்தான் மேடம்," என்றாள்.

சிரித்தாளா, முகம் வீங்கியிருந்ததால் அப்படித் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து புதுப் பஞ்சை எடுத்து இடது கையால் நீட்டினாள். வாங்கி மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிக்காமல் நிற்பது எப்படி, எந்த வீட்டுக்காரி எந்த ஊரில் கதவைத் திறந்துவிடுவாள், மாதவிடாய் நாளில் என்ன செய்வார்கள் என்றெல்லாம் சொன்னாள். ஏதோ பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். நான் ஒரு கடமையாக வந்திருக்கிறேன் என்பதை அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

தாளை முழுக்கப் படித்தாள். கணக்கில் பி.எஸ்ஸி. படித்தவள், ஒரு வரி விடவில்லை. படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க மேடம்," என்றாள். பாராட்டு எனக்குப் புதிதல்ல, ஆனாலும் மனசுக்கு இதமாக இருந்தது. "ஒரே ஒரு வரி சேத்துருங்க. காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் ஒன்று ஐம்பது வரை தண்ணீரின்றி அதே இடத்தில் நின்றேன்னு. அது ஒண்ணாவது உண்மையா இருக்கட்டும். அத எழுதினா கைநாட்டு வைக்கேன். இல்லன்னா இன்னொரு கையயும் ஒடச்சிட்டுப் போங்க."

எனக்கு அதில் தடையொன்றும் தெரியவில்லை. வெயில் என்று சொல்கிறோம். எவ்வளவு நேர வெயில் என்று சொன்னால் வாக்கியம் வலுப்பெறும். பேனாவை எடுத்து அந்த வரியை ஓரத்தில் எழுதினேன். சுடலைமணிக்குப் பிடிக்கவில்லை. அந்த வரி வேண்டாம், அடித்துவிடுங்கள் என்றார். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆவணம் செல்லாது என்றேன். இசக்கியம்மாளும் விடவில்லை.

சுடலைமணி கட்டிலில் உட்கார்ந்தார். சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பார்களே, அதுபோல மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த அவளுடைய விரல்களைப் பிடித்தார். முதலில் மெதுவாகத்தான் பிடித்தார். பிறகு திருகினார். மற்ற இரண்டு பேரில் ஒருவன் அவள் வாயைப் பொத்தினான், இன்னொருவன் காலைப் பிடித்துக்கொண்டான். கட்டிலின் கம்பி சுவரில் இடித்தது என்று நினைக்கிறேன். சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். அவள் கத்தினாளா என்று ஆணையத்தில் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. அவர்கள் என் இடப்பக்கம் இருந்தார்கள். இடது காதில் பஞ்சு. வலது காது ஜன்னல் பக்கம். அங்கே ஒரு காக்கை கத்திக்கொண்டிருந்தது. அது கேட்டது. மனசாட்சிப்படி சொல்கிறேன், காக்கை மட்டும்தான் கேட்டது.

கடைசியில் இடது பெருவிரல்ரேகையை வைத்தார்கள். பிரசவ வார்டில் கால்ரேகை எடுக்க வைத்திருந்த மைப்பெட்டியை இரவல் வாங்கி வந்தார்கள். பட்டதாரிப் பெண், கைநாட்டு. அது மட்டும் எனக்கு வருத்தமாக இருந்தது. கிளம்பும்போது அவளுக்குச் சுயநினைவு இருந்தது. என்னிடம் ஏதோ சொன்னாள். நான் திரும்புவதற்குள் முடித்துவிட்டாள்.

அந்த வரி தாளிலேயே இருந்துவிட்டது. தட்டச்சு செய்யும்போது ஓரத்தில் இருப்பதைச் சேர்க்கவேண்டாம் என்று அமைச்சர் சொன்னார். சேர்க்கவில்லை. தட்டச்சுப் படியில் மேலதிகாரிகள் சான்றொப்பம் இட்டார்கள். அதுதான் எல்லாருக்கும் போனது. மூலத்தைக் கிழித்துவிடச் சொன்னார். நான் எதையும் கிழிக்கிறவள் அல்ல. என் கையெழுத்தில் உள்ள எதையும் நான் கிழித்ததில்லை. வகுப்புக் குறிப்புகள்கூட இன்னும் பெட்டியில் இருக்கின்றன.

ஆறு மாதம் கழித்து அவர் எனக்குப் பதிலாக ஓர் இளைஞனை வைத்துக்கொண்டார். அரைக் காதோடு ஒரு பி.ஏ.வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சுடலைமணியிடம் சொன்னாராம். நியாயம்தான். தொலைபேசியை நான் வலது காதில் வைத்தால் பக்கத்திலிருந்து அவர் சொல்வது எனக்குக் கேட்காது. இப்போது தங்கை வீட்டில் இருக்கிறேன். அந்த இளைஞன் எழுதுகிற அறிக்கைகளைப் படித்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஒற்றெழுத்து எங்கே மிகும் என்று தெரியாதவன் ஆட்சி நடத்துகிறான்.

பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வைத்து ஆணையம் போட்டார்கள். அந்தப் பேருந்துப் படம் சும்மா விடவில்லை. இசக்கியம்மாள் அங்கே போய், கையால் எழுதிய தாள் ஒன்று இருக்கிறது, அதில் ஆறு மணி என்று ஒரு வரி இருக்கிறது, தட்டச்சில் அது இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அப்படியொரு தாள் கிடையாது, விழுந்து அடிபட்டதில் அவள் குழம்பிப்போய்ப் பேசுகிறாள் என்று இவர்கள் சொல்லிவிட்டார்கள். தாள் இருந்தால், தட்டச்சுப் படி திருத்தப்பட்டது. அது திருத்தப்பட்டது என்றால் கல்லும் பொய், தலைசுற்றலும் பொய். எல்லாம் இந்த ஒரு வரியில் தொங்குகிறது. அதனால் எனக்கு அழைப்பு. இரண்டு முறை வந்தது. முதல் முறை எனக்குக் காய்ச்சல். இது கடைசி. போகக்கூடாது என்று சுடலைமணி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். தங்கையின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே, குடும்பத்தில் எல்லாரும் நலமா என்று விசாரித்தார். நான் அதற்கெல்லாம் பயப்படுகிறவள் அல்ல. கிளம்பிவிட்டேனே. இதோ, உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போகவில்லை என்று யார் சொல்ல முடியும்?

இன்றைக்கு எங்கள் அமைச்சர் இந்த வழியாக வருகிறார் என்பது நேற்றே செய்தித்தாளில் வந்ததுதான். பார்த்தேன். பார்த்தால் என்ன? பேருந்து எந்த வழியாகப் போகவேண்டும் என்பது என் கையிலா இருக்கிறது? என்னை அப்படிப் பார்க்காதீர்கள். நீங்களும் கண் மருத்துவமனையில் பன்னிரண்டு மணிக்குள் சீட்டு வாங்கவேண்டும் என்றீர்கள், நீங்களும்தான் இதில் ஏறியிருக்கிறீர்கள். தெரியாமல் ஏறினீர்கள், சரி.

சைரன் கேட்கிறதா? எனக்கு இன்னும் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்துவிட்டாள். வருகிறார். முன்கண்ணாடி வழியாகப் பாருங்கள். முதலில் பைலட். அடுத்து இரண்டு ஜீப். அதன் பின்னால் வெள்ளைக் கார். இப்போது இன்னும் பெரிய துறை கொடுத்திருக்கிறார்கள், கார் எண்ணிக்கை கூடியிருக்கிறது. முன் இருக்கைதான். அதே கையசைப்பு. கொஞ்சம் இளைத்திருக்கிறார்.

மன்னியுங்கள். உங்கள் பையை மிதித்துவிட்டேன். எழுந்து நின்றுவிட்டேனா? கையை வேறு கூப்பியிருக்கிறேன். பதினோரு ஆண்டுப் பழக்கம். கால் தானாக எழுந்துவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை. உட்காருகிறேன்.

இப்போது கொடுங்கள், அந்தத் தண்ணீரை. பாருங்கள், வாங்கிவிட்டாள். முழுப் பாட்டிலையும் குடிக்கமாட்டாள். இரண்டு மடக்கு குடிப்பாள், மீதியை முகத்தில் ஊற்றிக்கொள்வாள். திரும்பி வரும்போதும் அவர் இதே வழிதானே வருவார்.

மணி பன்னிரண்டு பத்து. விசாரணை முடிந்திருக்கும். அந்த நீதிபதி நேரந்தவறாதவர் என்று கேள்வி. இனி நான் மதுரை போய் என்ன செய்வது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் ஊருக்குப் பேருந்து கிடைக்கும். தாள் பத்திரமாக இருக்கிறது. அதை ஒன்றும் செய்யமாட்டேன்.

இசக்கியம்மாளா? பணியிடத்தைவிட்டு அனுமதியின்றி நான்கு நிமிடம் நீங்கினாள் என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, பதினான்கு மாதத்தில் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடியதால் வலது மணிக்கட்டு மடங்காது. நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றது. போன தீபாவளிக்கு மதுரையில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். வாசலில் நீலச் சட்டை போட்டு நின்று வருகிறவர்களின் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். என் கைப்பையையும் இடது கையால் திறந்து பார்த்தாள். இந்தத் தாள் அப்போதும் இதில்தான் இருந்தது. அவள் மைரேகை மேலே தெரிய மடித்திருந்தது. பார்த்தாள், பையை மூடிக் கொடுத்தாள், "காது எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறாள். அங்கே கழிப்பறை இருக்கிறது என்று அவளே சொன்னாள்.